மேட்டாங்காட்டில் மரச் சாகுபடி: கிணற்றையும் ஓடையையும் காக்கும்படி நடுவது எப்படி

காங்கயம், தாராபுரம், அரவக்குறிச்சி வட்டாரங்களின் மேட்டாங்காடுகளில், அதாவது மழையை நம்பிய மேட்டு விளைநிலங்களில், ஆண்டு மழை 600 மி.மீ.க்குச் சற்று முன்பின்னாகவே இருக்கிறது. அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையின்போது விரல்விட்டு எண்ணக்கூடிய சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஒரு ஏக்கரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் அது ஏறத்தாழ 4,047 லிட்டர் நீர். ஐப்பசியில் ஓர் இரவு 40 மி.மீ. பெய்தால், உங்கள் ஒரு ஏக்கரின் மேல் மட்டும் 1 லட்சத்து 60 ஆயிரம் லிட்டருக்கு மேல் இறங்கியிருக்கிறது. வெறுமனே உழுது போட்ட சரிவான நிலத்தில் அந்த நீரில் பெரும்பகுதி நிற்பதில்லை. மேல்மண்ணையும் இட்ட உரத்தையும் அள்ளிக்கொண்டு ஓடைக்குப் போய், அங்கிருந்து ஊர்க்குளத்தில் வண்டலாகப் படிகிறது. தை மாதம் கிணற்றில் மோட்டார் காற்றை இழுக்கும்போது நாம் தேடும் நீர், அன்று இரவு கைவிட்டுப் போன அந்த நீர்தான்.

இந்த நிலத்தை மரம் சார்ந்த சாகுபடிக்கு மாற்றி நீரைக் காக்க முடியும். ஆனால் எந்த மரம், எந்த இடத்தில், எத்தனை என்ற மூன்றையும் சரியாக முடிவு செய்தால்தான் அது நடக்கும். நெருக்கமாக மரத்தை நட்டுவிட்டு நீர் தானே பெருகும் என்று காத்திருந்து ஏமாந்தவர்கள் பலர்.

மரம் நீரைத் தருகிறதா, குடிக்கிறதா

இரண்டும் செய்கிறது. வேர்களும், உதிர்ந்த இலைகளும், அவற்றை உண்ணும் கரையானும் மண்புழுவும் சேர்ந்து மண்ணில் துளைகளை உண்டாக்குகின்றன. அவற்றின் வழியே மழைநீர் கீழே இறங்குகிறது. அதே மரம் தன் இலைகளின் வழியாக நாள்தோறும் நீரை ஆவியாக்கவும் செய்கிறது. மண்ணுக்குள் இறக்கிவிடும் நீர், குடிக்கும் நீரைவிட அதிகமாக இருந்தால் கிணறு பிழைக்கும்; குறைவாக இருந்தால் வற்றும்.

நீலகிரியின் கிளென்மார்கன் பகுதியில் சோலையும் புல்வெளியுமாக இருந்த ஒரு நீர்ப்பிடிப்பில் (மழைநீர் ஒரே ஓடையில் வந்துசேரும் நிலப்பரப்பு) தைலமரத்தை நட்டு, நடாமல் விட்ட பக்கத்து நீர்ப்பிடிப்போடு ஒப்பிட்டு, உதகமண்டலத்து மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தினர் பல ஆண்டுகள் ஓடைநீரை அளந்தார்கள். மரத்தை நட்டு வெட்டும் முதல் பத்தாண்டுச் சுழற்சியில் நீரோட்டம் சராசரியாக 16 விழுக்காடு குறைந்திருந்தது. வேகமாக வளரும், ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும் ஒரே மரத்தை நெருக்கி நட்டால், நல்ல மழை பெறும் மலையிலேயே இந்த நிலை என்றால், 600 மி.மீ. மழையுள்ள நம் காட்டில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மறுபக்கம், மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா பாசோவில், விளைநிலங்களுக்கிடையே மரங்கள் சிதறி நிற்கும் வறண்ட பகுதியில் செய்த ஆய்வொன்று 2016-ல் வெளிவந்தது. மரமே இல்லாத இடத்தைவிடவும், மரம் அடர்ந்த இடத்தைவிடவும், நடுத்தர அளவில் மரம் இருந்த இடத்தில்தான் நிலத்தடிக்குப் போய்ச் சேரும் நீர் அதிகமாக இருந்தது என்பது அதன் முடிவு. மரத்தின் வேர் எட்டும் தூரம் அதன் நிழலைத் தாண்டியும் விரிவதால், இடைவெளி விட்டு நின்ற மரங்களே சுற்றிலுமுள்ள மண்ணைத் திறந்துவிட்டன. நம் காட்டுக்கு எத்தனை மரம் என்ற கேள்விக்கு நான் பிடித்துக்கொள்ளும் அடிப்படை இதுதான்: நண்பகலில் நிலத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிழல் விழாத அளவு.

நடுவதற்கு முன் நிலத்தைப் படிக்க வேண்டும்

கிராம நிர்வாக அலுவலகத்திலோ இணையவழியிலோ உங்கள் நிலத்தின் புல வரைபடத்தை வாங்கி, ஓடைப் புறம்போக்கு எங்கே முடிகிறது, பட்டா நிலம் எங்கே தொடங்குகிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். நீங்கள் நடவேண்டியது பட்டா நிலத்தின் விளிம்பில். ஓடைக்குள் நட்டால் சட்டச் சிக்கலோடு வெள்ளமும் திசைமாறி எதிர்க்கரையை அறுத்துவிடும்.

அடுத்து, ஒரு நல்ல மழை பெய்யும்போதே நிலத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். நீர் எங்கிருந்து உள்ளே வருகிறது, எங்கே சேர்கிறது, எந்த இடத்தில் வரப்பைத் தாண்டுகிறது, எந்த இடத்தில் செந்நிறமாகக் கலங்கி ஓடுகிறது என்பதையெல்லாம் அந்த அரை மணி நேரத்தில் நிலமே காட்டிவிடும். அந்த இடங்களில் கல்லையோ குச்சியையோ அடையாளமாக வைத்துவிடுங்கள்.

மண் நீரை எவ்வளவு வேகமாகக் குடிக்கிறது என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஆறு அங்குலப் பிவிசி குழாயில் ஓரடி நீளத் துண்டு ஒன்றை வெட்டிக்கொண்டு, மேலே பலகையை வைத்துச் சுத்தியலால் தட்டி, மூன்று அங்குலம் மண்ணுக்குள் இறக்க வேண்டும். அதில் ஒரு லிட்டர் நீரை ஊற்றினால் அது ஐந்தரை சென்டிமீட்டர் மழைக்குச் சமம். நீர் முழுவதும் இறங்க ஆகும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதையே நிலத்தில் நான்கைந்து இடங்களில் செய்து பார்க்க வேண்டும். நான் இதைச் செய்தபோது பழைய வேப்பமரத்தின் அடியில் ஊற்றிய நீர் கண்ணெதிரே இறங்கிப் போயிற்று; டிராக்டர் திரும்பும் காட்டு ஓரத்தில் ஊற்றியதோ, காட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்த பிறகும் குழாய்க்குள் வானத்தைக் காட்டியபடி நின்றது. இரண்டுக்கும் இடையே அறுபது அடிகூட இருக்காது. மண்ணும் ஒரே மண்தான். எந்தப் பகுதியில் உழவைக் குறைத்து முதலில் மரத்தைக் கொண்டுவர வேண்டும் என்பதை இந்தச் சோதனையை வைத்தே முடிவு செய்யலாம்.

சமமட்டக் கோடும் அகழியும்

சரிவான நிலத்தில் மர வரிசையைக் காட்டின் எல்லைக்கு இணையாகப் போடக்கூடாது. ஒரே உயரத்திலுள்ள புள்ளிகளை இணைக்கும் சமமட்டக் கோட்டில் போட வேண்டும். இதற்குக் கொத்தனார் பயன்படுத்தும் மட்டக் குழாய் போதும். ஒற்றை ஆளாகச் செய்வதென்றால் ஆங்கில A எழுத்தைப் போன்ற ஒரு மரச்சட்டம் உதவும். ஏழடிக் கழிகள் இரண்டின் தலையைச் சேர்த்துக் கட்டி, கால்களை ஆறடி அகற்றி, நடுவில் குறுக்குக் கழி ஒன்றைப் பிணைத்து, தலையிலிருந்து கல் கட்டிய கயிற்றைத் தொங்கவிடுங்கள். சட்டத்தை ஓரிடத்தில் நிறுத்திக் குறுக்குக் கழியில் கயிறு தொடும் இடத்தைக் கோடிட்டு, கால்களை இடம் மாற்றி வைத்து மீண்டும் கோடிட்டால், இரண்டு கோடுகளின் நடுப்புள்ளியே சமமட்டம். அதன்பின் ஒரு காலை நிலையாக வைத்து, கயிறு நடுப்புள்ளியைத் தொடும் வரை மறுகாலை மேலும் கீழும் நகர்த்தி, அங்கே முளைக்குச்சி அடித்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

இந்த வேலையைக் கண்மதிப்பில் முடித்துவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் முதல் ஆண்டு அப்படித்தான் கோடு போட்டு அகழி வெட்டினேன். ஒரு பக்கம் அரையடி தாழ்ந்திருந்தது. மழை வந்த இரவில் அகழி முழுவதன் நீரும் அந்தத் தாழ்ந்த முனைக்கு ஓடி, கரையை உடைத்து, கீழிருந்த இரண்டு வரிசைகளையும் இழுத்துக்கொண்டு போனது. அகழியே வெட்டாமல் இருந்திருந்தால் அவ்வளவு மண் போயிருக்காது.

அகழி ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி ஆழமுமாக இருந்தால் 100 அடி நீளத்துக்கு 6,300 லிட்டருக்கு மேல் நீர் பிடிக்கும். ஓர் ஏக்கரில் நாற்பது அடிக்கு ஒன்றாக ஐந்து வரிசைகள் போட்டால் மொத்தம் ஏறத்தாழ 1,000 அடி வரும்; ஒருமுறை நிறைந்தாலே 63,000 லிட்டர். பதினைந்து இருபது அடிக்கு ஓரிடத்தில் ஓரடி மண்ணை வெட்டாமல் தடுப்பாக விட்டுவிடுங்கள். ஓரிடம் உடைந்தாலும் மற்ற கட்டங்கள் நிற்கும். வெட்டிய மண்ணைச் சரிவின் கீழ்ப்பக்கத்தில் வரப்பாகப் போட்டு, கன்றுகளை அந்த வரப்பின் உட்பக்கத்தில் நட வேண்டும். கோடை மழைக்குப் பிறகு மண் இளகியிருக்கும் வைகாசி, ஆனியில் அகழியை முடித்துவிட்டால், புரட்டாசிக் கடைசியில் நடவுக்கு நிலம் தயாராக இருக்கும்.

ஓடைக்கரை

நீரைப் பொறுத்தவரை உங்கள் நிலத்தில் மிகவும் மதிப்புள்ள இடம் ஓடையை ஒட்டிய முப்பதடிப் பட்டைதான். சிறிய நிலமாக இருந்து முப்பதடி ஒதுக்க முடியாதவர்கள் பதினைந்து அடியாவது விட வேண்டும். இங்கே உழவோ, பூச்சிமருந்தோ, களைக்கொல்லியோ கூடாது.

ஓடைக்கு மிக அருகில், மண் சரியும் விளிம்பில், நொச்சியையும் வெட்டிவேரையும் நடலாம். நொச்சிக் குச்சியை ஒடித்து ஈரமண்ணில் ஊன்றினாலே தழைத்துவிடும். ஆடு மாடு கடிப்பதில்லை. வெட்டிவேரை அரையடி இடைவெளியில் நெருக்கமாக வரிசையாக நட்டால், அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராக ஆழத்தில் இறங்கிக் கரையைத் தைத்தது போலப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேலே ஒரு வரிசை கரைமரங்கள்: நீர்மருது, புங்கம், நாவல். இவை இயல்பாகவே ஆற்றோரத்திலும் ஓடையோரத்திலும் வளர்பவை. சில நாள் வெள்ளம் நின்றாலும் சாகாதவை. இருபத்தைந்து அடி இடைவெளி போதும். மூன்றாவதாக, மரங்களுக்கும் பயிர் நிலத்துக்கும் இடையே பத்துப் பதினைந்து அடி அகலத்தில் புல்லை விட்டுவிட வேண்டும். புல்லை வெறும் இடைவெளியாகப் பலர் நினைக்கிறார்கள். மேலிருந்து வரும் கலங்கல் நீரின் வேகத்தைக் குறைத்து வண்டலை இறக்கிவைப்பது மரத்தைவிட இந்தப் புல்தான்.

வண்டலோடு ஓடைக்கு வருவது உரமும்தான். பயிர் எடுத்தது போக மிஞ்சும் தழைச்சத்து நைட்ரேட்டாக மாறி மண்ணில் கரைந்து இறங்குகிறது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். தொடர்ந்து யூரியா இடும் தோட்டங்களின் நடுவே குடிநீர்க் கிணறு வைத்திருப்பவர்கள் ஒருமுறையாவது நீரைச் சோதிப்பது கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு மிகவும் அவசியம். கரைமரங்களின் ஆழ்ந்த வேர்கள், பயிர்வேர் எட்டாத இடத்தில் இறங்கிக்கொண்டிருக்கும் நைட்ரேட்டின் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்கின்றன.

மேட்டு நிலத்துக்குக் கொறங்காடு

ஓடையிலிருந்து விலகிய மேட்டுப் பகுதிக்கு என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு, வெளியூர் முறைகளைத் தேடுவதற்கு முன் நம் வட்டாரத்துக் கொறங்காட்டைப் பாருங்கள் என்று சொல்வேன். கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல் மரங்கள், அவற்றுக்கிடையே மேயும் காங்கயம் மாடுகளும் செம்மறி ஆடுகளும் என்று தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் ஏற்பாடு இது. நீர் காக்கும் நோக்கில் பார்த்தால் இதில் எதுவும் மிகையில்லை. மண் ஆண்டு முழுவதும் புல்லால் மூடியிருக்கிறது. மரங்கள் சிதறி நிற்கின்றன. மேலே நான் சொன்ன நடுத்தர அளவை நம் முன்னோர் அளவுகோல் இல்லாமலே பிடித்திருந்தார்கள். வேலி உயிருள்ளதாக இருப்பதால் வரப்பின் மண் கரைவதில்லை, காற்றின் வேகமும் குறைகிறது.

புதிதாக அமைப்பதானால், முதிர்ந்த கிளுவையிலிருந்து கட்டைவிரல் பருமனுள்ள போத்துகளை வெட்டி, நிழலில் சில நாள் வைத்து, மழை தொடங்குமுன் எல்லை நெடுக நெருக்கமாக ஊன்றிவிட வேண்டும். உள்ளே ஒரு மழைக்குப் புழுதி உழவு ஓட்டி, கொழுக்கட்டைப் புல் விதையைச் சோளத்தோடு கலந்து தூவினால், முதல் ஆண்டு சோளத்தட்டு கைக்கு வரும். அடியில் புல் வேர்பிடித்துவிடும். வெள்வேல் விதையைக் கொதிக்கவைத்து இறக்கிய நீரில் போட்டு ஓரிரவு ஊறவைத்து விதைக்கலாம். ஆடு தின்று போட்ட புழுக்கையிலிருந்தே கன்றுகள் தாமாக முளைப்பதும் உண்டு. அவற்றுக்கு முள் வேலி கட்டிக் காப்பாற்றினாலே போதும். புல் நன்றாக நிலைபெறும் வரை ஒரு பருவம் முழுவதும் மேய்ச்சலை நிறுத்த வேண்டும். பிறகும் காட்டை இரண்டு மூன்று அடைப்புகளாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்க்க வேண்டும். தரை தெரியும்படி மேய்ந்துவிட்ட கொறங்காடு, குளம்பு பட்டு இறுகி, உழுத காட்டைவிட மோசமாக நீரை வழியவிடும்.

மேய்ச்சல் வேண்டாம், மரத்தின் காயும் கனியும் வருமானமாக வேண்டும் என்பவர்கள் நெல்லி, புளி, சீத்தா, வேம்பு ஆகியவற்றைச் சமமட்ட வரிசைகளில் கலந்து வைக்கலாம். முப்பதுக்கு முப்பது அடியில் ஓர் ஏக்கருக்கு 48 மரங்கள் வரும். தொடக்கத்தில் வரிசைக்குள் பதினைந்து அடிக்கு ஒன்றாக 96 கன்றுகள் நட்டு, ஐந்தாறு ஆண்டுகளில் நிழல் முட்டும்போது ஒன்றுவிட்டு ஒன்றை வெட்டி எடுத்துவிட வேண்டும். வளர்த்த மரத்தை வெட்ட மனம் வராது. ஆனால் அன்று வெட்டாமல் விடும் மரம் கோடையில் உங்கள் கிணற்றிலிருந்துதான் குடிக்கும். தைலமரத்தையும் சீமைக்கருவேலத்தையும் இந்த நிலங்களில் நான் பரிந்துரைப்பதில்லை. கர்நாடக அரசு 2017-ல் தைலமர நடவையே தடை செய்ததை இங்கே நினைவில் கொள்ளலாம். தேக்கு, மகோகனி, மலைவேம்பு போன்றவை பாசன வசதியுள்ள, மண் ஆழமுள்ள இடங்களுக்கு உரியவை. மானாவாரிச் சரளை நிலத்தில் அவற்றைக் காப்பாற்றக் கிணற்று நீரை இறைப்பது, எதற்காக இந்த வேலையைத் தொடங்கினோமோ அதற்கே எதிரானது.

கிணற்றைச் சுற்றி முப்பதடிக்குள் ஆல், அரசு, அத்தி வகைகள் வேண்டாம். வேர் கற்கட்டைப் பிளந்துவிடும். குப்பைக்குழியும் மாட்டுப்பட்டியும் கிணற்றுக்கு மேட்டுப் பக்கத்தில் இருந்தால், மரம் நடுவதற்கு முன் அவற்றை இடம் மாற்றுங்கள்.

கன்றும் முதல் கோடைகளும்

தமிழ்நாடு அரசின் நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தின்கீழ் உழவர்களுக்கு மரக்கன்றுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. உழவன் செயலியிலோ வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ பதிவு செய்துகொள்ளலாம். கிடைக்கும் கன்றையெல்லாம் வாங்கிவந்து நடாமல், மேலே சொன்ன மரங்கள் இருக்கின்றனவா என்று கேட்டு வாங்குங்கள். வேர் பையின் அடியில் சுருண்டிருக்கும் பெரிய கன்றைவிட, இரண்டடி உயரமுள்ள திடமான கன்றே மானாவாரியில் பிழைக்கும். நட்ட மரங்களைக் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் (கிராமப் பயிர்ப் பதிவேட்டில்) பதிந்துகொள்வது பிற்காலத்தில் வெட்டி விற்க உதவும். சந்தனம், செம்மரம் போன்றவற்றை வெட்ட வனத்துறையின் அனுமதி தேவை.

குழி இரண்டடிக்கு இரண்டடி. மேல்மண்ணோடு தொழுவுரத்தைக் கலந்து நிரப்பி, தரைமட்டத்துக்கு மூன்று அங்குலம் தாழ்வாக நிறுத்த வேண்டும். நட்டதும் சோளத்தட்டு, தென்னை மட்டை, காய்ந்த புல் என்று எது கிடைத்தாலும் அரையடி உயரத்துக்கு மூடாக்குப் போட்டு, தண்டைத் தொடாமல் நான்கு விரல் இடைவெளி விட வேண்டும். முதல் இரண்டு கோடைகளில் கன்றருகே அடியில் சிறு துளையிட்டுத் திரி செருகிய மண்பானையைப் புதைத்து வாரம் ஒருமுறை நிரப்பினால், மேலே ஊற்றுவதில் செலவாகும் நீரில் சிறு பகுதியே போதும்.

மரம் வருமானம் தரும் வரை வரிசைகளுக்கிடையே கொள்ளு, தட்டைப்பயறு, எள் விதைக்கலாம். கொள்ளுக்கொடி தரையை மூடிக்கொள்வதால் கார்த்திகை மழையில் மண்ணைக் காப்பதில் அதற்கு இணையில்லை. உழவு சமமட்ட வரிசைக்கு இணையாகவே இருக்க வேண்டும். மேலிருந்து கீழாக ஒரு சால் ஓட்டினாலும் அதுவே வாய்க்காலாகிவிடும். ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன் அகழியில் சேர்ந்த வண்டலை அள்ளி மரத்தடியில் போடுங்கள்; அது உங்கள் நிலத்திலிருந்து போகவிருந்த மண்.

மாற்றத்தை அளப்பது

கிணற்று நீர்மட்டம் ஓராண்டில் உயர்ந்துவிடாது. நம் பகுதி கடும்பாறைப் பகுதி. இறங்கும் நீர் முதலில் சிதைந்த பாறை மண்ணில் சேர்ந்து, பிறகே வெடிப்புகளுக்குள் போகிறது. ஆகவே மாற்றம் முதலில் திறந்தவெளிக் கிணற்றில் தெரியும்; ஆழ்துளைக் கிணற்றுக்கு அது வந்துசேர நெடுநாள் ஆகலாம். அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டி, ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில், காலையில் மோட்டார் போடுமுன் அளந்து, அந்த மாத மழையோடு சேர்த்து நோட்டில் எழுதிவையுங்கள். மழையைக் குறிக்காமல் நீர்மட்டத்தை மட்டும் எழுதினால், நல்ல மழை ஆண்டில் மரத்துக்கும் வறட்சி ஆண்டில் விதிக்கும் பெயர் போய்விடும்.

அதைவிட விரைவில் தெரியும் அடையாளம் ஒன்று உண்டு. பருவத்தின் முதல் பெருமழையன்று, உங்கள் நிலத்து நீர் ஓடையில் சேரும் இடத்தில் ஒரு லிட்டர் கண்ணாடிப் புட்டியில் நீரைப் பிடித்து, நிழலில் அசையாமல் இரண்டு நாள் வைத்திருங்கள். அடியில் படிந்த மண்ணின் உயரத்தை அளவுகோலால் அளந்து, தேதியோடு எழுதிவைத்து, அடுத்த ஆண்டும் அதே இடத்தில், அதே அளவுப் புட்டியில், முதல் பெருமழையன்றே பிடியுங்கள். படிவு குறையாமல் இருந்தால் மேலே எங்கோ ஓர் அகழி உடைந்திருக்கிறது, அல்லது புல் பட்டை மேய்ந்து தரை தெரிகிறது என்று பொருள். மழை விட்டதும் மண்வெட்டியோடு போய் அந்த இடத்தைத் தேடுங்கள்.